தங்கச்சியின் காவினுக்கு இரண்டு லைன்

1

நேற்றுத் தபாலில் என் கடவுச்சீட்டு வந்து சேர்ந்தது. பதினான்கு மாதம் இந்த இங்கிலாந்துக் குடிவரவுக் கந்தோரில் கிடந்துவிட்டு, புது விசாவோடு வந்திருக்கிறது. கூடவே ஒரு கடிதம். தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரே ஒரு வரி. தாமதத்தை அளக்கிறதுதான் எனக்குச் சம்பளம். வினாடியை ஆயிரமாகப் பிரித்து அளந்து, கொஞ்சம் கூடினாலும் ஏன் கூடியது, யார் பொறுப்பு, இனி நடக்காமல் என்ன செய்யப் போகிறோம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினான்கு மாதத்துக்கு இவர்களுக்கு ஒரு வரி போதுமாம்.

"இனி ஊருக்குப் போகலாமே" என்றாள் மனைவி. போகலாம். இனி எதுக்குப் போறது என்று கேட்டேன். அவள் தேத்தண்ணி ஊத்தப் போய்விட்டாள்.

இது போன வருஷம் என் கையில் இருந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டி வந்திராது. தங்கச்சி ஸுமையாவின் கல்யாணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் ஊர் கண்டக்குழியில் இதை வாசிக்கிற ஆக்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். அன்றைக்கு ஒரே தட்டைச் சுற்றிச் சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களும் இருப்பீர்கள். உங்களில் யாரிலும் எனக்குக் கோபமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2

நான் இருப்பது லெஸ்டர் நகரத்தில். ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஆறு பேர் மாறி மாறி இருந்து, நாடு முழுக்கப் பரந்து கிடக்கிற கடைகளையும் களஞ்சியங்களையும் இணைக்கிற கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பச்சை விளக்கு என்றால் சுகம். மஞ்சள் என்றால் வருத்தம். சிவப்பு வந்தால் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், லீட்ஸ் கிளையின் லைன் மவுத்தாகிட்டு, அதாவது இறந்துபோச்சு, என்று மனசுக்குள் நினைத்ததை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் எழும்பி வந்து என் தோளில் கை வைத்து, மிச்சம் நெருக்கமானவரா என்று கேட்டாள். இன்றைக்கும் அந்த அறையில் எந்த லைன் விழுந்தாலும் எனக்குத்தான் அனுதாபம் சொல்லுவார்கள்.

உம்மாவுக்கு என் வேலையை ஒரு நாள் விளங்கப்படுத்தப் பார்த்தேன். "நீங்க கதைக்கிறதத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பார்சல் கட்டி, விலாசம் எழுதி அனுப்புறது உம்மா. இங்க வந்து பிரிச்சு, வரிசையா அடுக்கி, திரும்பக் குரலாக்குறது."

"வழியில பார்சல் தொலையாதா?"

"தொலையும்."

"தொலைஞ்சா?"

"அந்த இடத்தில சத்தம் இரிக்காது."

உம்மா கொஞ்சம் யோசித்தா. "அப்ப நான் சொல்லுறதெல்லாம் உங்களுக்கு வாரதில்ல மகன்" என்றா. மூன்று வருஷம் காசு கட்டிப் படித்ததை மனுசி ஒரு நிமிஷத்தில் பிடித்துவிட்டா.

நாங்கள் பார்க்கிறது மூன்று விஷயம். பார்சல் எவ்வளவு நேரத்தில் போகிறது, ஒரே சீராகப் போகிறதா, எத்தனை தொலைகிறது. அதுக்கு மேலே, ஒரு பாதை உடைந்தால் மற்றப் பாதை இருக்கிறதா என்று முதலிலேயே திட்டம் போடுகிற வேலை இருக்கிறது. அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் வகுப்பு எடுப்பேன். இரண்டு லைன் ஒரே தூணில் போனால் அது ஒரு லைன்தான் என்பது என் முதல் பாடம்.

என் மகள் ஹனாவுக்கு ஒன்பது வயசு. தமிழில் அவளுக்கு நன்றாக வருகிற சொல் ஓம். உம்மா வீடியோவில் வந்து, "என்ன சாப்பிட்டீங்க மகள்?" என்று கேட்டால், "ஓம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். லைன் சரியில்லை, பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று உம்மா நினைத்துக்கொள்ளுவா. நான் திருத்துவதில்லை.

3

எங்கள் குடும்பம் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றினபோது மன்னாரில் இருந்து வந்த குடும்பம். கண்டக்குழியில் ஓலைக் கொட்டில், பிறகு தகரம், பிறகு கல்வீடு. மூத்தவ ராத்தா, பிறகு நான், கடைசியாக ஸுமையா. யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷத்தில் நான் படிக்க என்று இங்கே வந்து, அப்படியே வேலையில் தங்கிவிட்டேன்.

வாப்பா மவுத்தான நேரமும் என் பேப்பர் கந்தோரில்தான் இருந்தது. விண்ணப்பத்துக்குப் பதில் வர முந்தி நாட்டைவிட்டுப் போனால், விண்ணப்பத்தை நானே வாபஸ் எடுத்ததாகக் கணக்கு. திரும்பி வர ஏலாது. மனைவியும் பிள்ளையும் என் விசாவில் தொங்குகிறவர்கள். ஆகவே வாப்பாவின் ஜனாஸா அடக்கத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதும் பொய். வாப்பாவைக் கிடத்தின சந்தூக்கைத் தூக்குகிற இடத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது. நாலு தோளும் ஒரு பச்சைத் துணியும். அதுக்குப் பிறகு எதுவும் வரவில்லை.

அதனால் ஸுமையாவுக்குப் புத்தளத்து மாப்பிள்ளை பேசி முடிந்தபோது, இதையாவது நான் செய்வேன் என்று நின்றுகொண்டேன். வாப்பா இல்லாத வீட்டில் பொண்ணுக்கு வலீ, அதாவது பொறுப்பாக நின்று, இவளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லுகிறவன், ஒரே ஆண்பிள்ளையான நான்தான். அந்த ஒரு வசனத்தை என் வாயால் சொல்ல வேண்டும். பத்து வருஷமாகப் பணம்தான் அனுப்பினேன், ஒரு வேளைக்கும் ஆளாகப் போய் நின்றதில்லை. இதுவும் இல்லையென்றால் அந்த வீட்டில் எனக்கு என்ன உரித்து என்று நினைத்தேன்.

இந்த முறையும் பேப்பர் கந்தோரில். மௌலவிக்கு அழைத்து, நேரடி வீடியோவில் வந்து சொல்லுகிறேன் என்றேன்.

"ஒரு வகீல வெச்சிருங்களன்" என்றார் அவர். "உங்கட சார்பில சொல்ல ஒரு ஆளு. உங்கட வாப்பாட தம்பி, சாச்சா இரிக்கிறார்தானே. ஒரு கடிதம் எழுதி அனுப்பினாப் போதும்."

"இல்ல ஹஸ்ரத், நானே சொல்லோணும்."

"பேச்சு இடையில அறுந்தா?"

"அறுக்க விடமாட்டன். அது என்ட தொழில்."

மௌலவி என் சுகத்தையும் பிள்ளையின் சுகத்தையும் விசாரித்தார். பிறகு, "பார்ப்பம், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

ஊரில் ஒரு மனிதர் பார்ப்பம் என்றால் அது ஏலாது என்பதற்கு மரியாதையான பெயர். சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். இங்கே பத்து வருஷம், பார்க்கிறேன் என்றால் உண்மையிலேயே பார்த்துவிட்டுப் பதில் போடுகிற ஆக்களோடு இருந்து, அதை மறந்துபோனேன். சம்மதம் கிடைத்துவிட்டது என்று அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன்.

4

ராத்தாவின் மாப்பிள்ளை, மச்சான் றிஸ்வான், மீன்காரரின் வாடி வாடியாகப் போய்ப் படகு எஞ்சின் திருத்துகிறவர். அவரைப் பிடித்துக்கொண்டேன். இங்கேயிருந்து இரண்டு ரவுட்டர் பெட்டிகள் அனுப்பினேன். இரண்டுக்கும் வேறு வேறு கம்பனிச் சிம். ஒன்று விழுந்தால் ஐந்து வினாடிக்குள் மற்றது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

"ரெண்டும் ஒரே டவரா மச்சான்?"

"இல்ல. ஒண்டு பள்ளிவாசலுக்குப் பின்னால, மற்றது கற்பிட்டிப் பக்கம்."

சந்தோஷமாக இருந்தது. மூன்று கிழமை தினமும் காலையில் வேலைக்குப் போக முந்தி ஒரு பரிசோதனை. ஒரு பெட்டியின் வயரைக் கழற்றச் சொல்லுவேன், பிறகு மற்றதை. கண்டக்குழியில் புறப்படுகிற பார்சல் எந்தெந்த இடத்தில் ஏறி இறங்கி லெஸ்டருக்கு வருகிறது என்று பட்டியல் எடுத்தேன். போய்த் திரும்ப எப்போதும் கால் வினாடிக்குள். கல்யாண நாளில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து, ஜெனரேட்டர் ஒன்றும் வாடகைக்கு எடுத்து விடிந்ததிலிருந்து ஓட விடச் சொன்னேன்.

"எதுக்கு மச்சான் இவ்வளவு கரைச்சல்? ஒரு கடிதத்த அனுப்புங்களன்" என்று றிஸ்வான் இரண்டு மூன்று தரம் சொன்னார். ஒரு நாள் நான் ஏசிவிட்டேன். எஞ்சின் வேலை தெரியும் என்றதுக்காக எல்லாத்துக்கும் யோசனை சொல்லத் தேவையில்லை என்றேன். மனுசன் வயரைக் கழற்றினார். திரும்ப மாட்டினார்.

5

காவின், அதாவது நிக்காஹ் சடங்கு, பின்னேரம் நாலு மணிக்கு. இங்கே பதினொன்றரை. நான் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு உட்கார்ந்துவிட்டேன். ஹனாவுக்கு உடுப்புப் போட்டு, மனைவி கல்யாணத்து இனிப்பாக வட்டிலாப்பம் செய்து, வரவேற்பறையில் நான் தொப்பியோடும் கோட்டோடும். வேலைத்தலத்தில் இருக்கிற அதே வரைபடங்கள் என் திரையின் ஒரு பக்கத்தில்.

மத்தியான லுஹர் தொழுகை நேரம் அங்கே வீட்டு ஹோல் வெறிச்சென்று இருந்தது. கதிரைகள் மட்டும். ஆண்கள் தொழப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வர நேரம் எடுத்தது. அந்த நேரத்திலிருந்து தாமதக் கோடு மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. கல்யாண வீட்டுச் சனம் எல்லாரும் போனை நோண்டுகிறார்கள் என்று முடிவெடுத்தேன். அவர்களை நிற்பாட்டச் சொல்லி றிஸ்வானுக்குச் சொன்னேன்.

"அவங்களுக்கும் இண்டைக்குச் சிக்னல் சரியில்லையாம் மச்சான்."

"நல்லதாப் போச்சு. நமக்கு இடம் கிடைக்கும்" என்றேன். இப்படிச் சொன்னது நான்தான், பத்து வருஷ அனுபவம் உள்ள ஆள்.

றிஸ்வான் மடிக்கணினியை உள்ளறைக்குக் கொண்டுபோனார். உம்மா ஸலாம் சொன்னா. ஸுமையா பொண்ணாக அலங்கரித்து உட்கார்ந்திருந்தாள். "நானா" என்றவள் அழத் தொடங்கினாள். அழாத பிள்ளை, இப்ப வந்திருவன் என்றேன். சொல்லும்போது என் கண் அந்தக் கோட்டில். அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு ஹோல். மௌலவிக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த ஒரு கதிரையில் என்னை வைத்தார்கள். குத்பா பிரசங்கம் முடிந்தது. "வலீ இப்ப சொல்லலாம்" என்றார். நான் பிஸ்மி சொல்லி வாயெடுத்தேன். குனிந்திருந்த மாப்பிள்ளையின் முகம் அப்படியே உறைந்தது. முதல் பெட்டி சிவப்பு. ஐந்து வினாடி. இரண்டாவது பெட்டியும் சிவப்பு.

நாற்பது நிமிஷம். ஒருவருடைய போனும் வேலை செய்யவில்லை. எத்தனை இலக்கத்துக்கு அடித்தேன் என்று தெரியாது. ஹனா வந்து, சப்பாத்தைக் கழற்றலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கழற்று என்றேன்.

திரும்ப லைன் வந்தபோது படத்தில் ஒரு மின்விசிறி சுற்றியது. வேறொன்றுமில்லை. கமரா சரிந்துவிட்டது, எல்லாரும் எனக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று நினைத்தேன். இந்த முறை விடக்கூடாது என்று, உரத்த குரலில், வாப்பாவின் பெயரைச் சொல்லி, என் பெயரைச் சொல்லி, மஹர்த் தொகையைச் சொல்லி, என் தங்கச்சி ஸுமையாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்றேன். ஏற்றுக்கொண்டேன் என்று மாப்பிள்ளை சொல்ல வேண்டும். சத்தம் வரவில்லை. தாமதம் என்று காத்திருந்தேன். இன்னொரு முறை சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன். ஆக்கள் சிரிக்கிற சத்தமும் பீங்கான் சத்தமும் கேட்டது.

றிஸ்வானின் முகம் மேலிருந்து எட்டிப் பார்த்தது. "மச்சான், முடிஞ்சுது. எல்லாரும் சாப்பிடுறாங்க" என்றார்.

என்னை அலுமாரிக்கு மேலே மல்லாக்க வைத்திருந்தார்கள்.

6

அவமானம் ஒரு பக்கம். எங்கே பிழைத்தது என்று தெரியாமல் எனக்கு நித்திரை வராது. அடுத்த கிழமை றிஸ்வான் மோட்டார் சைக்கிளில் போய் விசாரித்து வந்தார். கண்டக்குழியிலும் கற்பிட்டியிலும் டவர்கள் வேறு வேறுதான். ஆனால் இரண்டு கம்பனியும் அங்கிருந்து காற்று வழியாகப் பார்சலை அனுப்புவது மாம்புரிப் பக்கம் உள்ள ஒரே டவருக்கு. இடையில் நிற்கிற அந்த மாதிரி டவர் என் பட்டியலில் வராது. அன்று விடியவிருந்து அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை. டவர் பற்றரியில் நின்றிருக்கிறது. பற்றரி இறங்க இறங்க உள்ளே உள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்து, கடைசியில் படுத்துவிட்டது. கரண்ட் வந்த பிறகுதான் திரும்ப எழும்பியிருக்கிறது.

கரண்ட் இல்லை என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. நான் எடுத்துக் கொடுத்த ஜெனரேட்டர் விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. விசிறி சுற்றியது, பாட்டு ஓடியது. ஏறுகிற கோட்டை நான் சனத்தின் தலையில் போட்டேன். முதல் வகுப்பில் நான் சொல்லிக் கொடுக்கிற பிழையைத்தான் செய்திருக்கிறேன் என்று விளங்கியது. விளங்கினால் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை.

அறிக்கையை ஒழுங்காக எழுத என்று, பதிவாகியிருந்த வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டேன். உள்ளறைக் காட்சி வந்தது. இப்போது வரைபடம் இல்லை, தங்கச்சியின் முகம்தான் இருந்தது. அவள் கழுத்தில் ஒரு சங்கிலி. எங்கள் வீட்டுச் சங்கிலி இல்லை. காவின் முடிந்த பிறகு மாப்பிள்ளை உள்ளே வந்து தன் கையால் போடுகிற சங்கிலி. படத்தை நிற்பாட்டி நேரத்தைப் பார்த்தேன். நான் வாயெடுக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

7

உம்மாவுக்கு அழைத்தேன். ஸலாம், சுகம், ஹனாவின் பாடசாலை. பிறகு கேட்டேன்.

"உம்மா, தங்கச்சிட கழுத்தில மாப்பிள்ளை வீட்டுச் சங்கிலி எப்ப ஏறின?"

உம்மா மறைக்கவில்லை. "லுஹருக்குப் பொறகு மகன். பள்ளியில காவின் முடிஞ்சு, மாப்பிள்ளை வந்து போட்டுட்டுப் போனார்."

"பள்ளியிலயா?"

"ஓம். வலீ தூரத்தில எண்டா, காதிக் கோர்ட்டு நீதவான், காதியார், பொறுப்பெடுக்கலாமாம். மௌலவிதான் வழி சொன்ன. நான் பஸ் ஏறிப் புத்தளத்துக்குப் போய்க் கடிதம் வாங்கிட்டு வந்தன்."

"எப்ப?"

"நீங்க அந்தப் பெட்டி ரெண்டையும் அனுப்ப முந்தியே மகன்."

மூன்று கிழமைப் பரிசோதனை என் கண்முன்னால் ஓடியது. றிஸ்வான் கழற்றின வயர், மாட்டின வயர். நான் ஏசினது.

"அப்ப பின்னேரம் நாலு மணிக்கு?"

"அது உங்களுக்குத்தான். உங்கட மனசு ஆறட்டும், ஒருக்காச் சொல்லிட்டுப் போகட்டும் எண்டு மௌலவிட்டக் கெஞ்சிக் கேட்டு வெச்சம். மாப்பிள்ளையும் பாவம், ஓம் எண்டார். லைன் போனதும் சனம் பசியில இரிந்திச்சு, சாப்பாட்ட வெச்சிட்டம்."

லைன் அறுந்திராவிட்டால் நான் இதை ஒருநாளும் அறிந்திருக்க மாட்டேன். மௌலவி தலையாட்டியிருப்பார், மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றிருப்பார், நானும் வட்டிலாப்பம் சாப்பிட்டுவிட்டு, தங்கச்சியைக் கையால் பிடித்துக் கொடுத்தவன் என்று இங்கே சொல்லித் திரிந்திருப்பேன். எது நல்லது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே உம்மா. நான் அவ்வளவு பாடுபட்டு லைன் போட்டனே."

 உம்மாவின் குரலில் கோபம் இல்லை.

"வாப்பாட மையித்தத் தூக்கிட்டு வாசல்லயே வெச்சுக்கிட்டு நிண்டம் மகன். உங்கட படம் வருமா வருமா எண்டு. பின்னேரம் அஸருக்கு அடக்க இரிந்தது. பொழுதுபட்டு மஃரிபும் ஆகிட்டு. தூக்கின புள்ளயள்ட தோள் நோகுது, மௌலவி ஏசுறார், நான்தான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் எண்டு நிப்பாட்டி வெச்சன். நீங்க வரல்ல. வாப்பாவ இருட்டிலதான் கொண்டுபோன. குமர்ப் பொண்ணையும் அப்படி நிப்பாட்டி வெக்க எனக்குத் தைரியம் வரல்ல."

உறைந்துபோன அந்தப் படத்தில் நாலு பேரும் அசையாமல் நின்றது லைனால் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

 கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.

"மகன்? லைன் அறுந்திட்டா?"

"இல்ல உம்மா. லைன் நல்லா இரிக்கி."